ஒளியை முந்தினால் விளைவு காரணத்தை முந்துமா?

வினாக்குறி:
"ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடிந்தால், விளைவு காரணத்துக்கு முன்னால் வந்துவிடும்." எந்த அறிவியல் கட்டுரையை எடுத்தாலும் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. என் சந்தேகம் இதுதான். துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகப் போகிறது. குண்டு பட்ட பிறகுதான் வெடிச்சத்தம் காதில் விழுகிறது. அதற்காகக் குண்டு பட்டது முதலில், சுட்டது பிறகு என்று யாராவது வழக்கு எழுதுவார்களா? சத்தம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். ஒளிக்கும் இதே கதைதானே? ஒளியை முந்திக்கொண்டு ஒரு பொருள் நம்மிடம் வந்தால், அது கிளம்பிய காட்சி பிறகு வந்து சேரும். பார்ப்பதில் குழப்பம் இருக்கலாம். நடந்ததில் என்ன குழப்பம்?

அரைநாழிகை:
இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? ஒளிவேகத்தை எட்ட முடிவில்லாத ஆற்றல் வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள பெரிய துகள் முடுக்கியில் புரோட்டான்களை எவ்வளவோ தள்ளிப் பார்க்கிறார்கள். ஒளிக்கு நொடிக்கு 3 மீட்டர் அளவு குறைவாகவே நிற்கின்றன. எட்டவே முடியாததைத் தாண்டுவது எப்படி?

கூர்மதி:
அரைநாழிகை சொல்வது வேறு விஷயம். நிறை உள்ள ஒரு பொருளை மெதுவான வேகத்திலிருந்து முடுக்கி ஒளிவேகத்துக்குக் கொண்டுபோக முடியாது, சரி. பிறக்கும்போதே ஒளியைவிட வேகமாகப் பிறக்கும் துகள் இருந்தால்? அது அந்தச் சுவரைத் தாண்டவே வேண்டியதில்லையே, மறுபக்கத்தில்தானே இருக்கிறது. 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே, சுதர்சன் மூவரும் எழுதிய கட்டுரை இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டியது. ஒளித்துகளான ஃபோட்டானை யாரும் முடுக்கிவிடுவதில்லை, ஒளிவேகத்தோடே பிறக்கிறது. அதுபோல இதுவும் பிறக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஆற்றல் கணக்கு மட்டும் வினாக்குறியின் கேள்விக்குப் பதில் ஆகாது.

பழைய வாத்தியார்:
வினாக்குறி தம்பி, குண்டு உதாரணம் நல்ல உதாரணம். பாடப்புத்தகங்கள் அதை எதிர்கொள்ளாமல் நழுவிவிடுகின்றன என்பதும் உண்மை.

ஐன்ஸ்டீனின் சார்பியலில் "முன்", "பின்" என்று சொல்வது கண்ணுக்கு எப்போது தெரிந்தது என்பதை வைத்து அல்ல. தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை இன்று பார்க்கிறேன் என்றால், ஒளி வந்துசேர எடுத்த காலத்தைக் கழித்துவிட்டுத்தான் "இத்தனை ஆண்டுக்கு முன் வெடித்தது" என்று எழுதுகிறேன். காட்சித் தாமதத்தை எல்லோரும் ஒழுங்காகக் கழித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இருவர் கணக்கு ஒத்துப்போகாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எண் போட்டுக் காட்டுகிறேன். என் கணக்கில் இரண்டு நிகழ்வுகள். இடைவெளி 5 ஒளிநொடி, அதாவது ஒளி கடக்க 5 நொடி ஆகும் தொலைவு. முதலாவது நடந்து 1 நொடி கழித்து இரண்டாவது நடக்கிறது. முதலாவது இடத்திலிருந்து இரண்டாவதை நோக்கி ஒளிவேகத்தில் 0.2 பங்கு வேகத்தில் ஒருவர் போகிறார். அவர் கணக்கில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை. 0.6 பங்கு வேகத்தில் போகிறவர் கணக்கில் இரண்டாவதுதான் முதலில், அதுவும் இரண்டரை நொடி முன்னால். யாரும் தவறு செய்யவில்லை. யாருடைய கடிகாரமும் கெட்டுப்போகவில்லை.

இப்போது எண்களை மாற்றுவோம். இடைவெளி 1 ஒளிநொடி, கால வித்தியாசம் 5 நொடி. இந்த வரிசையைப் புரட்ட வேண்டுமானால் பார்ப்பவர் ஒளியைப்போல் 5 மடங்குக்கு மேல் வேகத்தில் போக வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே இந்த ஜோடியின் வரிசையில் எல்லோரும் உடன்படுவார்கள்.

இரண்டு ஜோடிகளுக்கும் என்ன வேறுபாடு? இரண்டாவது ஜோடியில் முதல் நிகழ்விலிருந்து கிளம்பும் ஒளி, மற்றது நடக்கும் முன் அங்கே போய்ச் சேர முடியும். முதல் ஜோடியில் முடியாது. எந்த ஜோடியில் ஒன்று மற்றொன்றைப் பாதிக்க முடியுமோ, அதில் வரிசை எல்லோருக்கும் ஒன்று. எதில் முடியாதோ, அதில் வரிசை ஆளுக்கு ஒன்று. மின்கோவ்ஸ்கி 1908இல் காலவெளியை வரைந்து காட்டியபோது இந்த எல்லைதான் ஒளிக்கூம்பாக வந்தது. ஒலிக்கு இப்படி ஒரு கூம்பு கிடையாது. ஒலியை முந்தினால் யார் கணக்கிலும் வரிசை புரள்வதில்லை. குண்டுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

வினாக்குறி:
ஐயா, புரிகிறது. ஆனால் இதிலும் ஒரு நெருடல். யாரோ ஒருவர் கணக்குப் புத்தகத்தில் வரிசை மாறியிருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? நான் சுட்டேன், அங்கே பட்டது. வேகமாகப் பறக்கும் ஒருவர் "முதலில் பட்டது, பிறகு சுட்டார்" என்று எழுதிக்கொள்கிறார். எழுதிக்கொள்ளட்டும். என்னால் நேற்றைய என்னைத் தொட முடியவில்லையே. முரண்பாடு என்றால் நான் கையில் பிடிக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டாமா?

கூர்மதி:
சுதர்சன் தரப்பும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. காலத்தில் பின்னோக்கிப் போகும் எதிர்ம ஆற்றல் துகள் என்று ஒருவருக்குத் தெரிவதை, எதிர்த்திசையில் காலத்தில் முன்னோக்கிப் போகும் நேர்ம ஆற்றல் துகள் என்று மாற்றி வாசித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர் அனுப்புநர் என்பவரை இவர் பெறுநர் என்பார். ஒரு வழிப் பயணத்துக்கு இது செல்லும். போய்த் திரும்பும்போது செல்லுமா என்பதுதான் கேள்வி.

செந்தாமரை:
செல்லாது. போய்த் திரும்பும் கணக்கை நான் போடுகிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்குதான், பத்தாம் வகுப்பு இயற்கணிதம் போதும்.

இரண்டு விண்கலங்கள், அ என்றும் ஆ என்றும். ஓரிடத்தில் சந்தித்துக் கடிகாரங்களைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, ஒளிவேகத்தில் 0.8 பங்கு வேகத்தில் ஒன்றையொன்று விலகிப் போகின்றன. இந்த வேகத்தில் ஓடும் கடிகாரம் மெதுவாக, 0.6 பங்கு வேகத்தில்தான் நடக்கும். இரண்டிலும் ஒரே மாதிரியான அதிவேகக் கருவி. அனுப்புகிறவர் கணக்கில் செய்தி அந்த நொடியே போய்ச் சேரும்.

அ தன்னுடைய 100ஆம் நாளில் "சிவப்பு விளக்கைப் போடு" என்று அனுப்புகிறது. அ கணக்கில் அந்த நேரத்தில் ஆவின் கடிகாரம் 60ஆம் நாளைக் காட்டும். ஆகவே ஆ தன் 60ஆம் நாளில் செய்தியைப் பெறுகிறது. உடனே "போட்டுவிட்டேன்" என்று பதில் அனுப்புகிறது. இப்போது அனுப்புவது ஆ. ஆவின் பார்வையில் ஓடிக்கொண்டிருப்பது அ. ஆகவே ஆ கணக்கில் தன் 60ஆம் நாளில் அவின் கடிகாரம் 60 பெருக்கல் 0.6, அதாவது 36ஆம் நாளைக் காட்டும். பதில் அ கைக்கு 36ஆம் நாள் வந்துவிடுகிறது. கேள்வி அனுப்ப இன்னும் 64 நாள் இருக்கிறது!

எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே எள்ளை நினைப்பதற்கு முன்பே எண்ணெய் வந்துவிட்டது.

வினாக்குறி கேட்ட "கையில் பிடிக்கக்கூடியது" இதுதான். இது வேறு யாருடைய கணக்குப் புத்தகமும் இல்லை. அவின் மேசையில், அவின் கடிகாரத்தில், பதில் முதலில், கேள்வி பிறகு. பதிலைப் படித்துவிட்டு 100ஆம் நாள் கேள்வியே அனுப்பாமல் இருந்துவிட்டால்? அந்தப் பதில் எதற்கான பதில்?

அரைநாழிகை:
முடிவில்லா வேகம் என்பதால் வந்த வினை இது. ஒளியைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வைத்தால் இந்தக் கூத்து நடக்காது.

செந்தாமரை:
அதையும் போட்டுப் பார்த்துவிடுவோம். அதே இரண்டு கலங்கள், அதே 0.8. மாறுவது செய்தியின் வேகம் மட்டும்.

ஒளி வேகத்தில் அனுப்பினால்: அ 100ஆம் நாள் அனுப்புகிறது, ஆ தன் 300ஆம் நாள் பெறுகிறது, பதில் அவுக்கு 900ஆம் நாள். ஒழுங்கான உலகம்.

ஒளியைப்போல் 2 மடங்கு வேகம்: 100, 100, 100. பதில் கேள்வி அனுப்பிய அதே கணத்தில் வந்து நிற்கிறது.

4 மடங்கு: 100, 75, பிறகு 56.25. பதில் முந்திவிட்டது.

2 மடங்கு எல்லை என்பது 0.8க்குத்தான். ஒளியைவிட மிகச் சிறிது அதிகமான வேகமாக இருந்தாலும், கலங்களின் விலகும் வேகத்தை ஒளிவேகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் இதே சுழல் வந்துவிடும். தப்பிக்க இடம் இல்லை. செய்தியின் வேகம் ஒளிவேகத்தைத் தாண்டாதவரை, கலங்கள் எப்படிப் பறந்தாலும் பதில் கேள்விக்குப் பிறகுதான் வரும். இந்த எல்லையில் இப்படி ஒரு கூர்மை இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஐன்ஸ்டீன் 1907லேயே விளைவு காரணத்தை முந்தும் இந்தச் சிக்கலைக் குறித்திருக்கிறார். டோல்மன் 1917இல் எழுதிய பிறகு இது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வினாக்குறி:
ஒரு இடத்தில் இடிக்கிறது. அ 100 காட்டும்போது ஆ 60 என்கிறீர்கள். ஆ 60 காட்டும்போது அ 36 என்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?

பழைய வாத்தியார்:
"காட்டும்போது" என்கிறீர்களே, யார் கணக்கின் "போது"? தொலைவில் உள்ள இடத்துக்கு "இப்போது" என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவின் "இப்போது" ஒரு சரிவு, ஆவின் "இப்போது" இன்னொரு சரிவு. செய்திகள் ஒளிக்குக் கட்டுப்பட்டு நடக்கும் வரை இந்த வேறுபாடு யாரையும் தொந்தரவு செய்யாது, ஏனென்றால் அந்தத் தொலைதூர "இப்போது"வோடு யாரும் தொடர்புகொள்ள முடியாது. உடனடிச் செய்தி வந்ததும்தான், ஒருவர் சரிவில் ஏறி மற்றவர் சரிவில் இறங்கி நேற்றைக்குப் போய்விடுகிறோம்.

தொலைநோக்கி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இரண்டு கருவிகளும் "அனுப்புகிறவர் கணக்கில் உடனடி" என்று எடுத்துக்கொண்டதால்தான் சுழல் வந்தது. அப்படி இல்லாமல், பிரபஞ்சத்தில் ஏதோ ஒரு தனிப்பட்ட குறிப்பாயம், அதாவது இயக்கத்தை அளக்க ஒரு தனி அடிப்படை, இருக்கிறது, எந்த அதிவேகச் செய்தியும் அந்தக் கணக்கில்தான் உடனடி என்று வைத்தால்? பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு இருக்கிறதே. சூரியக் குடும்பம் அதைப் பொறுத்து நொடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று அளந்தே வைத்திருக்கிறார்கள்.

செந்தாமரை:
இந்த இழையில் வந்த எதிர்ப்புகளில் இதுதான் பலமானது. ஆம், அப்படி வைத்தால் சுழல் வராது. எல்லாச் செய்திகளும் ஒரே "இப்போது"வைப் பின்பற்றுவதால் யாரும் தன் கடந்த காலத்துக்குத் திரும்ப முடியாது.

ஆனால் விலை என்ன என்று பாருங்கள். எல்லாச் சீரான இயக்கத்திலும் இயற்கை விதிகள் ஒன்றே என்ற சார்பியலின் அடிக்கல்லைப் பெயர்த்தாக வேண்டும். பின்புலக் கதிர்வீச்சைப் பொறுத்து வேகம் அளப்பது, மலையைப் பொறுத்து ரயிலின் வேகத்தை அளப்பது போலத்தான். அது பொருளைப் பார்த்து அளப்பது. விதிகளே அந்தக் கதிர்வீச்சுக்குத் தனிச் சலுகை தருவதாக ஒரு சோதனையும் காட்டியதில்லை. விதிகள் சலுகை தரும் ஒரு தனிக் குறிப்பாயத்தை 1887இல் மைக்கேல்சனும் மோர்லியும் தேடித் தோற்றார்கள். பிறகு வந்தவர்கள் பல மடங்கு நுட்பமான கருவிகளோடு தேடியும் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சார்பியல், காரணம் முதலில் விளைவு பிறகு என்ற வரிசை, ஒளியை மிஞ்சும் செய்தி. இந்த மூன்றும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. யாரை வெளியே அனுப்புவது என்று கேட்டால், இதுவரை கண்ணிலேயே படாத மூன்றாமவரை அனுப்புவதுதான் நியாயம் என்பது என் கட்சி.

அரைநாழிகை:
கண்ணில் படவில்லையா? 2011இல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்தியது எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே. தொலைவில் பிரிந்த துகள்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் குவாண்டம் பின்னல் இருக்கிறது, அதற்கு 2022இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். லேசரை நிலாவின் மேல் வீசினால் புள்ளி ஒளியைவிட வேகமாக ஓடும். சீசியம் வாயுவில் 2000ஆம் ஆண்டு செய்த சோதனையும் உண்டு. விண்மீன் மண்டலங்கள்கூட ஒளியை மிஞ்சித்தான் விலகுகின்றன. இத்தனையும் பொய்யா?

கூர்மதி:
பொய் என்று யாரும் சொல்லவில்லை. இவற்றில் எது செய்தியைச் சுமக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

லேசர் புள்ளி: நிலா சுமார் 3,84,400 கிலோமீட்டர் தொலைவு. நொடிக்கு 45 பாகை அளவு மணிக்கட்டைத் திருப்பினால் போதும், புள்ளி நிலாவின் மேல் ஒளிவேகத்தில் ஓடும். சற்று விரைவாகத் திருப்பினால் மிஞ்சிவிடும். விண்கலமும் வேண்டாம், முடுக்கியும் வேண்டாம்! ஆனால் நிலாவின் இடது ஓரத்தில் நிற்பவர் அந்தப் புள்ளியைக் கொண்டு வலது ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்றையும் தெரிவிக்க முடியாது. இடது ஓரத்தில் விழுந்த ஃபோட்டான்கள் வேறு, வலது ஓரத்தில் விழுந்தவை வேறு. இரண்டும் உங்கள் கையிலிருந்து சாதாரண ஒளிவேகத்தில் கிளம்பியவை. இடது ஓரத்தில் ஒருவர் கையை வைத்து மறைத்தாலும் வலது ஓரத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. புள்ளி என்று ஒரு பொருள் அங்கே ஓடவே இல்லை.

நியூட்ரினோ: செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை சுமார் 730 கிலோமீட்டர். 60 நானோநொடி முன்னதாக வந்ததாக ஓபரா குழு 2011 செப்டம்பரில் அறிவித்தது. ஒளிக்கு அது வெறும் 18 மீட்டர் தூரம். 2012இல் காரணம் வெளிவந்தது. ஒரு கண்ணாடி இழைக் கேபிளின் இணைப்பு சரியாக முடுக்கப்படாமல் இருந்தது. கடிகாரத்திலும் ஒரு பிசகு. அதே சுரங்க ஆய்வகத்தில் இன்னொரு குழு அளந்தபோது ஒளிவேகமே வந்தது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1987இல் வெடித்துத் தெரிந்த சூப்பர்நோவா சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டு தொலைவு. ஓபரா சொன்ன அதே விகிதத்தில் நியூட்ரினோ முந்தியிருந்தால் ஒளிக்கு நான்கு ஆண்டு முன்னால் வந்திருக்க வேண்டும். வந்தது சுமார் மூன்று மணி நேரம் முன்னால். அதுவும் வேகத்தால் அல்ல. வெடிப்பின் அதிர்ச்சி அலை நட்சத்திரத்தின் மேற்பரப்பை எட்டிய பிறகுதான் ஒளி வெளியேற முடியும், நியூட்ரினோ காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு நியூட்ரினோக்களின் ஆற்றலும் ஒன்றல்ல என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அன்றைக்கே பலர் புருவத்தை உயர்த்த அது போதுமானதாக இருந்தது.

சீசியம்: வாயுவுக்குள் அனுப்பிய ஒளித் துடிப்பின் உச்சி, உள்ளே நுழையும் முன்பே மறுபக்கம் வெளியே வந்தது உண்மை. துடிப்பின் முன்பக்கம் முன்கூட்டியே உள்ளே போய்விட்டது, வாயு அதைப் பெருக்கிப் புதிய உச்சியைச் செய்து கொடுத்தது. திடீரென்று தொடங்கும் ஓர் அலையின் முதல் விளிம்பு ஒளிவேகத்தைத் தாண்டாது என்று சோமர்ஃபெல்டும் பிரில்லுவானும் 1914லேயே கணக்கிட்டுவிட்டார்கள்.

விண்மீன் மண்டலங்கள் விலகுவது, இடையில் உள்ள வெளி தானே விரிவதால். எந்த மண்டலமும் பக்கத்தில் போகும் ஒளியை ஓட்டப் பந்தயத்தில் தோற்கடிக்கவில்லை.

செந்தாமரை:
பின்னலை கூர்மதி எனக்கு விட்டுவைத்தார் போலிருக்கிறது. இரண்டு துகள்களை அளந்தால் முடிவுகளுக்குள் பொருத்தம் இருக்கிறது. 1964இல் இயற்பியலாளர் பெல் எழுதிய சமனின்மையின் எல்லையை அது மீறுகிறது, சோதனையில் நிரூபணமாகிவிட்டது. ஆனால் என் பக்கம் வருவது ஆமா இல்லையா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. நீங்கள் உங்கள் பக்கம் எதை அளந்தாலும், அளக்காமலே விட்டாலும், என் பக்க முடிவுகள் நாணயத்தைச் சுண்டிய மாதிரியே வரிசையாக வந்துகொண்டிருக்கும். இருவர் குறிப்பேடும் ஓரிடத்தில் சேர்ந்த பிறகுதான் பொருத்தம் தெரியும். குறிப்பேடு ஒளியை மிஞ்சி வராது. ஒரு துகளை அப்படியே பல நகல் எடுக்க முடிந்தால் இதை உடைத்துச் செய்தி அனுப்பிவிடலாம். 1982இல் ஒருவர் அப்படி ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதைச் சோதித்ததில்தான், தெரியாத குவாண்டம் நிலையை நகல் எடுக்கவே முடியாது என்ற தேற்றம் அதே ஆண்டில் பிறந்தது. பயனற்ற திட்டம் பயனுள்ள தேற்றத்தைக் கொடுத்தது.

வினாக்குறி:
கடைசியாக ஒரு கேள்வி. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒளியோடு என்ன உறவு? கண்ணே இல்லாத உலகிலும் காரணம், விளைவு உண்டே. எல்லையை ஒளி ஏன் தீர்மானிக்க வேண்டும்?

பழைய வாத்தியார்:
ஒளி தீர்மானிக்கவில்லை. 1910இல் இக்னடோவ்ஸ்கி ஒளியைப் பற்றிப் பேசாமலேயே கணக்கைத் தொடங்கினார். எல்லா இடமும் ஒன்று, எல்லாத் திசையும் ஒன்று, சீரான இயக்கத்தில் விதிகள் ஒன்று. இவ்வளவை வைத்தாலே எல்லோருக்கும் பொதுவான ஒரு வேகம் கணக்கில் தானாக வந்து நிற்கிறது. அது முடிவில்லாததாக இருந்தால் நியூட்டனின் உலகம். முடிவுள்ளதாக இருந்தால் ஐன்ஸ்டீனின் உலகம். எது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். முடிவுள்ளது என்று சொல்லிவிட்டது. நொடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983 முதல் மீட்டரையே இதை வைத்துத்தான் வரையறுக்கிறோம்.

நிறை இல்லாத எதுவும் அந்த வேகத்தில்தான் போக முடியும். ஒளி அப்படிப் போகும் ஒன்று. ஈர்ப்பலை இன்னொன்று. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்து 1.7 நொடியில் காமாக் கதிர் வந்தது. 13 கோடி ஆண்டு ஓட்டத்தில் வித்தியாசம் அவ்வளவுதான். அதுவும் கதிர் தாமதமாகக் கிளம்பியதால் இருக்கலாம். நாளைக்கே ஃபோட்டானுக்கு மிக மிகச் சிறிய நிறை இருப்பதாகக் கண்டுபிடித்தாலும், ஒளி அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். எல்லை இருந்த இடத்திலேயே இருக்கும், செந்தாமரையின் 100, 60, 36 கணக்கும் அப்படியே இருக்கும்.

தொலைநோக்கி:
அப்படியானால் அல்குபியேர் 1994இல் சொன்ன வளைவு ஓட்டம்? அதில் கலம் ஒளியை முந்துவதில்லை, வெளிதான் சுருங்கி விரிகிறது.

கூர்மதி:
அங்கேதான் வாத்தியார் ஐயாவின் சிறப்புச் சார்பியல் முடிந்து பொதுச் சார்பியல் தொடங்குகிறது. உள்ளூரில் ஒளியை முந்தாவிட்டாலும், போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்து முந்திவிட்டால் செந்தாமரையின் சுழல் திரும்ப வரும். கலத்தைச் சுமக்கும் இப்படிப்பட்ட இரண்டு வெளிக் குமிழிகளைப் பொருத்தமாக ஓட்டினால் கடந்த காலத்துக்கே போய்விடலாம் என்று எவரெட் 1996இல் காட்டினார். போதாததற்கு அந்தக் குமிழிக்கு எதிர்ம ஆற்றல் வேறு தேவை. ஆனால் பொதுச் சார்பியலின் சமன்பாடுகள் கடந்த காலத்துக்குப் போவதைத் தடுக்கவில்லை. கோடல் 1949லேயே தன்னைத் தானே சந்திக்கும் காலப் பாதைகள் உள்ள ஒரு தீர்வைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். இயற்கை எப்படியாவது இவற்றைத் தடுத்துவிடும் என்று ஹாக்கிங் 1992இல் ஓர் ஊகத்தை வைத்தார். அது இன்னும் ஊகமாகத்தான் இருக்கிறது, நிரூபணம் இல்லை. இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், எதிர்ம ஆற்றல் கணக்கை நான் அங்கே போடுகிறேன்.